மின்மினித் தண்ணீர்

கெட்ட தண்ணீர் வெளிச்சம் தரும். நல்ல தண்ணீர் இருட்டாகக் கிடக்கும். சுண்ணாம்புப்பேட்டையில் இது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

எல்லாம் ஒரு சாயம் செய்த வேலை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு நீல விளக்கைக் காட்ட வேண்டும். தண்ணீரில் குரோமியம் இருந்தால் பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். தோல் பதனிடும் ஊரில் குரோமியம் இல்லாமல் எப்படி இருக்கும்? அறுபது வருடமாகத் தோலை அதில் ஊறப்போட்டு எடுத்தார்கள். மிச்சத்தை மண்ணுக்கு ஊற்றினார்கள். மண் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அரசு அந்தச் சாயத்துக்கு வைத்த பெயர் 'விழிப்பு'. சனங்கள் வைத்த பெயர் மின்மினி.

சட்டமும் சிக்கலானது இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தெருவின் குழாய்த் தண்ணீரையும் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். ஐம்பதுக்கு மேல் காட்டினால் தெருவுக்கு வருடம் முழுக்க லாரியில் நல்ல தண்ணீர் வரும். ஐம்பதுக்குக் கீழே என்றால் லாரி கிடையாது, குழாயிலேயே குடித்துக்கொள்ளலாம். முன்பு அந்த எண்ணை மனிதர்கள் எழுதினார்கள். எவன் சட்டைப்பைக்குள் என்ன போனால் எந்த எண் வரும் என்பது ஊருக்கே தெரிந்துபோனதால், இப்போது பெட்டியே அளந்து, பெட்டியே மேலே அனுப்பிவிடுகிறது. லாரியை அனுப்புவதும் நிறுத்துவதும்கூட அதுதான். ஒரு தெருவுக்கு ஒரு வருடத்தில் ஒரு தடவைதான் அளக்கும். இரண்டாம் தடவை கேட்டால் 'இத்தெரு முடிந்தது' என்று காட்டும்.

அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவது ரூபாவதியின் வேலை. வயது இருபத்தொன்பது. ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அவள் அப்பா பதினெட்டு வருடம் தோல் உருட்டும் டிரம்மில் வேலை செய்து செத்தவர். அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் கேட்கவும் மாட்டார்கள்.

கிட்டங்கித் தெருவுக்கு அவள் போனபோது காலை பத்து மணி. குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில் அரை மணி நேரம். அதனால் சோதனைக்கு ஒரு குடம் பிடித்து, சுத்தமான பாத்திரத்தில் வைத்திருக்கச் சொல்லி முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

தெரு முனையில் ஸ்டூல் போட்டு, ஸ்டூலின் மேல் துண்டு விரித்து, துண்டின் மேல் ஒரு செம்புக் குடத்தை வைத்திருந்தார்கள். புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெயில் பட்டு அதைப் பார்க்கக் கண் கூசியது. குடத்தின் கழுத்தில் மஞ்சள், குங்குமம்.

"உக்காருங்க மேடம்" என்றாள் பூங்காவனம். ஐம்பது வயது. தோலிலிருந்து சவ்வு சீவும் வேலையில் இருந்தவள். உள்ளங்கையில் ரேகை எதுவும் மிச்சமில்லை. தெருவுக்குச் சங்கம் கிடையாது, பூங்காவனம்தான் உண்டு.

"குடம் பிரமாதமா இருக்கே அக்கா."

"மருமவ சீர்ல வந்தது. பரண்லதான் கெடந்துச்சு. போன வருசம் ஒருத்தன் வந்தான். பிளாஸ்டிக் குடத்தைப் பாத்துட்டு, 'இது கழுவுனதா'ன்னு கேட்டான். நாலு பொம்பளைங்க முன்னாடி. தூக்கி அவன் மண்டையிலயே போட்டிருப்பேன், இவருதான் கையப் புடிச்சிக்கினாரு."

இவர் என்றது புருஷனை. மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் இருபத்தாறு வருடம் இறங்கி நின்றவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் பாதிப் பாதிதான் வேலை செய்தன. லாரித் தண்ணீர் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"புடிச்சது தப்பாப் போச்சு மேடம்" என்றார் அவர். "போட்டிருந்தா இந்நேரம் குடம் ஜெயில்ல இருக்கும்."

ரூபாவதி சிரித்துக்கொண்டே சிறு குப்பியில் தண்ணீர் மொண்டாள். சாயம் ஒரு சொட்டு. பெட்டிக்குள் வைத்து மூடினாள். போன வருடம் இந்தத் தெரு காட்டியது நானூற்றுப் பன்னிரண்டு. குழந்தைகள் பச்சை வெளிச்சம் பார்க்க முண்டியடித்தார்கள்.

வெளிச்சம் வரவில்லை. பெட்டி 'மூன்று' என்று காட்டியது. அதற்குக் கீழே 'அனுப்பப்பட்டது' என்று காட்டியது.

பின்னாலிருந்து யாரோ, "டேய், நம்ம தண்ணி நல்லதாயிடுச்சுடா!" என்று கத்தி இரண்டு முறை கை தட்டினார்கள். மூன்றாவது கை தட்டல் வரவில்லை.

மாசிலாமணி மெதுவாகக் கேட்டார்: "அப்ப லாரி?"

ரூபாவதி இன்னொரு குப்பியை எடுத்தாள். பெட்டி 'இத்தெரு முடிந்தது' என்றது. மேற்பார்வையாளர் திருமூர்த்திக்குப் போன் செய்தாள்.

"நானூறு ஒரே வருஷத்துல மூணா எப்படி சார் ஆகும்? எங்கயோ தப்பு இருக்கு. ஒருமுறை திறந்து விடுங்க, மறுபடி எடுக்கறேன்."

"திறக்கிற சாவி யார்கிட்டயும் இல்லம்மா. அதுக்காகத்தானே பெட்டியே வாங்கினோம்? தண்ணி நல்லா இருக்குன்னு வந்தா சந்தோஷப்படற முதல் ஆள் நீயா இருக்கணும். கெட்டுப்போன மாதிரி பேசறியே."

வியாழக்கிழமை லாரி வரவில்லை.

ரூபாவதி சோதனை நாளன்றே இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். ஒன்று செம்புக் குடத்திலிருந்து. மற்றொன்று பூங்காவனம் வீட்டில் துணி துவைக்க வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து. இரண்டும் ஒரே குழாய், ஒரே விடியற்காலை. மாவட்ட ஆய்வுக்கூடத்தில் சாயத்தைக் குப்பிகளில் நிரப்புகிற ஜாபரிடம் கொண்டு போனாள். பதினைந்து வருடமாக அதே நாற்காலியில் இருக்கிறவர்.

ஜாபர் இரண்டிலும் சொட்டு விட்டு விளக்கைக் காட்டினார். டிரம் தண்ணீர் பச்சையாக எரிந்தது. குடத்துத் தண்ணீர் செத்துக் கிடந்தது.

"எதுல வச்சிருந்தாங்க?"

"செம்புக் குடம் பாய். புளி போட்டுத் தேச்சு, ரெண்டு நாள் ஊறவச்சிருக்காங்க. மரியாதைக்கு."

ஜாபர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு அலமாரியிலிருந்து மயில்துத்தம் எடுத்தார். அது செம்பு உப்பு, நீலக் கல் மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகையைப் பச்சையாக எரிந்துகொண்டிருந்த டிரம் தண்ணீரில் போட்டு ஆட்டினார். பச்சை மங்கி மங்கி, போயே போய்விட்டது.

"பாத்தியா? குரோமியம் சாயத்தைக் கொளுத்தும். செம்பு வந்து அதை அணைச்சிடும். புளி போட்டுத் தேய்ச்ச குடம்னா செம்பு இன்னும் நல்லாவே கரையும்."

"அப்ப குரோமியம்?"

"அது எங்க போகும்? அங்கயேதான் இருக்கு. வீட்ல விளக்கை அணைச்சிட்டா திருடன் கெளம்பிப் போயிடுவானா?"

"இதை எழுதித் தர்றேன். நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்க பாய்."

"எம் பொண்ணுக்குத் தை மாசம் நிக்காஹ். எம் பேரை எழுதாத ரூபா. என்ன எழுதணும்னு சொல்றேன், நீயே எழுதிக்க."

எழுதுவதற்கு முன் கிட்டங்கித் தெருவுக்கு ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று தோன்றியது. லாரி நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. தெருவில் அழுகை எதுவும் இல்லை. வாசலுக்கு வாசல் செம்புச் சொம்பு, செம்புத் தவலை, செம்பு அண்டா. ஒரு வீட்டில் கோயில் மணியைக்கூடக் கழற்றி வந்து தண்ணீருக்குள் போட்டிருந்தார்கள். அது பித்தளை. அதிலும் பாதி செம்புதானே என்றார்கள்.

பூங்காவனம் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். ரேஷன் கடையில் மின்மினிக் குப்பியும் சின்ன நீல டார்ச்சும் தருவார்கள். குழாய்த் தண்ணீரில் சொட்டு விட்டாள், பச்சை. செம்புத் தண்ணீரில் விட்டாள், இருட்டு.

"பாத்தியா கண்ணு? அன்னிக்குப் பொட்டி சொன்னது நெசம்தான். செம்பு வெசத்தைச் சாப்புட்டுடுது. எங்க மாமியாக்காரி எப்பவோ சொன்னா, நான்தான் கேக்கல."

ரூபாவதி மயில்துத்தம் கதையைச் சொன்னாள். விளக்கு, திருடன் எல்லாம் சொன்னாள். பூங்காவனம் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"சரி. லாரி வருமா?"

"எழுதப் போறேன் அக்கா."

"எழுதினா வருமா?"

ரூபாவதி நீல டார்ச்சை அணைத்து வைத்தாள்.

"வராது இல்ல? அப்ப இந்தத் தண்ணியதான் அவரு குடிச்சாவணும். வெளிச்சத்தோட குடிக்கச் சொல்றியா, வெளிச்சம் இல்லாம குடிக்கச் சொல்றியா?"

கட்டிலில் படுத்திருந்த மாசிலாமணி, "வெளிச்சத்தோட குடு பூங்காவனம், கரண்டு போனா உதவும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்தார். இருமல் வந்தது.

ரூபாவதி ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினாள். முதல் வாக்கியம்: 'செம்புப் பாத்திரத்தில் வைக்கப்பட்ட நீரில் ஒளிர்வு முற்றிலும் மறைகிறது.' இரண்டாம் வாக்கியம்: 'ஆனால் குரோமியம் சற்றும் குறைவதில்லை, எனவே இத்தெருவின் அளவீடு தவறானது.'

மேலே போகும் கோப்பில் சுருக்கம் எழுத ஒரு வரிதான் இடம். முதல் வாக்கியம் அந்த வரிக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

நான்கு மாதத்தில் திட்டம் வந்தது. ரேஷன் அட்டை ஒன்றுக்கு ஒரு செம்புக் குடம், இலவசம். குழாய்த் தண்ணீரை அதில் ஊற்றி இரண்டு நாள் வைத்துக் குடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்க வேண்டும். தொடக்க விழாவில் மேடையிலேயே தண்ணீருக்குச் சொட்டு விட்டு, விளக்கு காட்டி, இருட்டாக இருப்பதைக் காட்டினார்கள். கூட்டம் கை தட்டியது. ரூபாவதியை மேலே கூப்பிட்டுச் சான்றிதழும் சால்வையும் கொடுத்தார்கள்.

இறங்கியதும் திருமூர்த்தியிடம் கேட்டாள். "ரெண்டாவது வாக்கியம் என்ன ஆச்சு சார்?"

"அது இணைப்புல இருக்கும்மா."

"இணைப்பை யாரு படிப்பாங்க?"

"தேவைப்படறவங்க படிப்பாங்க. சால்வையை மடிச்சு வை, கசங்குது. உன்னை நிரந்தரமாக்கறது பத்திப் பேச்சு ஓடுது, தெரியுமா?"

அவள் இன்னும் இரண்டு முறை எழுதினாள். இரண்டுக்கும் பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த வருடச் சோதனைக்குப் புதிய விதி வந்தது. மாதிரியை அரசு வழங்கிய செம்புக் குடத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ரூபாவதி பதினொரு தெரு முடித்தாள். நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று. எல்லாம் இருட்டு. பதினொரு லாரி நின்றது. வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் யோசித்தாள். விட்டால் பெட்டியை வேறொருத்தி தூக்குவாள், அவ்வளவுதான் நடக்கும் என்று தினமும் தோன்றியது. அது உண்மையா, சாக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டாவது, கிட்டங்கித் தெரு. ஸ்டூல் இல்லை, துண்டு இல்லை. பூங்காவனம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை.

ரூபாவதி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆடி மாசம்" என்றாள் பூங்காவனம். "லாரி நின்ன மூணாவது மாசமே ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சு. நர்ஸ் பொண்ணு இன்னா தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டா. செம்புத் தண்ணின்னாரு, பெருமையா. அவ எழுதிக்கினா. அப்பதான் நீ சொன்னது எனக்குத் தச்சுது. அப்புறம் காசு குடுத்து கேன் வாங்கினேன். லேட்டு."

"அக்கா..."

"நீ சொன்னப்போ உன் மேலதான் கோவம் வந்துச்சு. யாரு மேல காட்டறது, பொட்டி மேலயா?"

சாவுச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று போட்டிருந்தது. தண்ணீரைப் பற்றி எதுவும் இல்லை. பெட்டிக் கணக்குப்படி அவர் குடித்தது நல்ல தண்ணீர்.

ரூபாவதி பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டாள். "குடம் எங்கே அக்கா? அரசாங்கக் குடத்துலதான் எடுக்கணும்னு விதி."

"இல்ல."

"உங்க வீட்ல இல்லன்னா வேற வீட்ல..."

"தெருவுலயே இல்ல. முப்பத்தெட்டு வீட்டுக் குடத்தையும் ஒரே நாள்ல எடைக்குப் போட்டோம். அந்தக் காசுல தனியார் லாரி பேசி வாரம் ரெண்டு நாள் தண்ணி எறக்கறோம். தீபாவளி வரைக்கும் வரும். பச்சைக் கொழந்தைங்க இருக்குது. அப்புறம் இன்னான்னு தெர்ல." கீரைத் தண்டை ஒடித்து எறிந்தாள். "இன்னா பண்ணுவீங்க, புடிச்சிக்கினு போவீங்களா? போங்க. அங்கயாவது எந்தத் தண்ணி குடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

ரூபாவதி எழுந்து உள்ளே போனாள். மூலையில் பிளாஸ்டிக் குடம் இருந்தது, காலையில் பிடித்த குழாய்த் தண்ணீரோடு. மொண்டாள், சொட்டு விட்டாள், மூடினாள்.

நானூற்று முப்பத்தொன்று. பெட்டியின் இடுக்குகளில் பச்சை கசிந்து சுவரில் விழுந்தது. அனுப்பப்பட்டது.

கால் மணி நேரத்தில் திருமூர்த்தி கூப்பிட்டார். "என்னம்மா இது? மாவட்டமே ஒற்றை இலக்கத்துல இருக்கு, நீ நானூறுன்னு அனுப்பறே!"

"பெட்டி அனுப்புச்சு சார்."

"குடத்துலருந்து எடுத்தியா?"

"தெருவுல குடம் இல்ல சார். வித்துட்டாங்க."

"அப்ப அது அவங்க தப்பு. நடவடிக்கை எடுக்கணும்."

"எடுங்க சார். லாரி?"

"அது தானா வந்துடும்மா. நிறுத்தற சாவி யார்கிட்டயும் இல்ல."

மறுநாள் லாரி வந்தது. ஒரு வருடத்துக்கு வரும். பூங்காவனம் வரிசையில் நின்று ஒரு குடம் மட்டும் பிடித்தாள். இப்போது அவளுக்கு அது போதும்.

பதின்மூன்றாவது தெரு, மூன்றாம் லைன். ரூபாவதி போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் என்கிற பெண் குடத்தை நடுவாசலில் வைத்துக் காத்திருந்தாள். செருப்புத் தைக்கும் கம்பெனியில் வேலை, இன்று இதற்காக விடுப்பு எடுத்திருக்கிறாள். குடம் தகதகவென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

ரூபாவதி தெரு முனையைப் பார்த்தாள். அடிபம்பு ஒன்று இருந்தது. குழாய்க்கும் அதற்கும் ஒரே நிலத்தடி நீர்தான்.

"நான் பம்புலருந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

எஸ்தரின் முகம் மாறியது. "ஏன் மேடம்? குடத்துலதான எடுக்கணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு?"

"இல்ல, பம்புல எடுத்தா..."

"நாலு நாளா தேய்ச்சிருக்கேன் மேடம். வேற கை படல. எங்க வீட்டுக் குடத்தைத் தொட்டா ஏதாவது ஆயிடுமா உங்களுக்கு?"

கூட்டத்தில் ஒரு பெரியவர், "வுடும்மா எஸ்தர். இதெல்லாம் இன்னிக்கு நேத்து பாக்கறதா?" என்றார். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

ரூபாவதிக்குக் காது சுட்டது. நானும் உங்கள் சாதிதான், எங்க அப்பா டிரம்மில் நின்றவர் என்று சொல்லலாம். வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். செம்பைப் பற்றிச் சொல்லலாம். விளக்கம் சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. அதன் பலன் எதிரே தகதகக்கும் குடமாக உட்கார்ந்திருந்தது.

அவள் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"வெயில்ல வந்தது நாக்கு ஒட்டுது" என்றாள். "ஒரு டம்ளர் தண்ணி குடு எஸ்தரு. குடத்துலருந்தே குடு."

எஸ்தர் தயங்கினாள். பிறகு உள்ளே ஓடி ஒரு டம்ளர் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து, மொண்டு நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. லேசாகச் செம்பு வாடை. ஒரு டம்ளரில் ஒன்றும் ஆகிவிடாது. ஒரு டம்ளரில் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. ரூபாவதி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"நல்லா இருக்கு" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப நான் பம்புக்குப் போகட்டுமா? ஏன்னு சாயந்தரமா வந்து சொல்றேன். எவ்வளவு நேரம் ஆனாலும் உக்காந்து சொல்றேன்."

எஸ்தர் அவளையும் குடத்தையும் பார்த்தாள். எதுவும் புரிந்த முகமாகத் தெரியவில்லை.

"அந்தப் பம்பு கை நழுவும் மேடம்" என்றாள். "நீங்க குப்பியப் புடிங்க, நான் அடிக்கிறேன்."